ஒரே கவட்டையில் இரண்டு கயிறுகள்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மெல்பர்ன் வீட்டுச் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி உருகியது. நடந்தது அவ்வளவுதான். ரசத்துக்குத் தாளித்த கையோடு கரண்டியை அடுப்போரம் சாய்த்துவிட்டு, மோரை எடுக்கத் திரும்பியிருக்கிறேன். அந்த வாடை மூக்கில் ஏறியது. அடுப்பை அணைக்கவும் தோன்றவில்லை. "தாரணி எங்க? தாரணி எங்க?" என்று கேட்டபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தார்.

"மாடியில தூங்குறா. ஞாயித்துக்கிழமை வேற எங்க இருப்பா?"

தாரணி எங்கள் ஒரே மகள். சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். என்னையும் கரண்டியையும் பார்த்தாள். பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். அந்த வாடை அவளுக்கும் தெரியும். என்னைவிட மிகப் பக்கத்திலிருந்து முகர்ந்தவள் அவள்.

ஊரிலிருந்து இன்னும் ஃபோன் வந்துகொண்டிருக்கிறது. "பாப்பா மரத்துலேர்ந்து விழுந்துட்டாளாமே?" என்று ஒருவர். "இடுப்பு போச்சாமே?" என்று இன்னொருவர். என் சித்தி மகள் திருப்போரூர் கோயிலில் வேண்டிக்கொண்டு மொட்டையே போட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் விழவில்லை. விழாததை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

தாரணிக்கு இருபத்திரண்டு வயது. மரம் ஏறுவது வேலை.

இந்த நாட்டில் அது ஒரு படிப்பு. மரத்தின் நோய், வேர், மண், கயிறு, முடிச்சு, ரம்பம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். சில வருடம் ஒரு குழுவோடு வேலை பார்த்துக்கொண்டே கற்க வேண்டும். பரீட்சை உண்டு. சம்பளம் உண்டு. எல்லாம் சரி. நான் கல்பாக்கத்திலிருந்து பேருந்தில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை என்று போய்வந்து வேதியியலில் முதுகலை முடித்தவள். இங்கே குடிநீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் பெண் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டை நடுவில் விட்டுவிட்டு வந்து, "அம்மா, நான் மரம் ஏறப் போறேன்" என்றபோது, ஏதோ விடுமுறைக்கு மலையேறப் போகிறாள் என்று நினைத்து, "ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றேன்.

தமிழ்ச் சங்கத்தில் கேட்கிறார்கள். "தாரணி என்ன பண்றா?"

"சுற்றுச்சூழல் துறையில இருக்கா."

"கவுன்சிலா?"

"கவுன்சில் மரங்களோட."

கவுன்சில் என்றால் இங்கே நகராட்சி. அதற்குமேல் கேட்டால் கேசரி தட்டை நீட்டிவிடுவேன். அவர்கள் பிள்ளைகளெல்லாம் பல் மருத்துவம், கண் மருத்துவம் என்று உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டு படிக்கிறார்கள்.

அவள் வேலையில் எனக்குப் பிடிபடாதது உயரம்கூட இல்லை. வெள்ளிக்கிழமைதான். வெள்ளி மாலை வேலை முடிந்ததும் அந்தக் குழுவில் எல்லாரும் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து, அந்த வாரம் தான் செய்த தவறு ஒன்றை ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டுமாம். விபத்தாகாமல் தப்பித்தது, கை நழுவியது, மறந்தது எல்லாம். யாரும் திட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். பிறகு அதில் முக்கியமானதை எழுதி, மற்ற ஊர்களில் மரம் ஏறுகிறவர்கள் இருக்கும் குழுவுக்கு அனுப்புவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னாள். மெஷின் ரம்பத்தின் சங்கிலியை நிறுத்தும் பூட்டைப் போடாமல் கை மாற்றிவிட்டாளாம். அதை எல்லார் முன்னாலும் சொன்னாளாம்.

"யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"அப்புறம் ஏண்டி சொன்னே?"

"யாரும் பார்க்கலையே. அதனாலதான் சொன்னேன்."

இவளோடு என்ன பேசுவது? நாங்கள் மதிப்பெண் குறைந்தால் மாடிப்படி ஏறிப்போய் ரேங்க் கார்டை ஒளித்து வைத்த தலைமுறை. தானாக வலியப் போய்த் தன் தப்பைத் தண்டோரா போடுவதற்கு ஒரு கிழமை வைத்திருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

3

டிசம்பரில் ஊருக்குப் போனோம். கணவருக்கு விடுப்பு இல்லை. நானும் அவளும் மட்டும்.

என் அப்பா கல்பாக்கம் அணுசக்தி நகரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நெம்மேலி தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சந்தில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறார். சுற்றுச்சுவரை ஒட்டி உள்ளே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். நவம்பர் புயலில் அதன் கொம்புகளில் பெரியது ஒன்று விரிசல் விட்டு, சந்தைத் தாண்டி எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்கள் அதற்கு நேர் கீழேதான் படுக்கிறார்கள்.

மரம் எங்களுடையது, கொம்பு சந்தின் மேலே, சந்து ஊராட்சியுடையது, ஓரமாக மின்கம்பி. அப்பா ஊராட்சிக்குப் போனார். தாலுகா ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனார். கரண்ட் ஆபீசில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கரண்ட் ஆபீசில் ஊராட்சிக்குப் போகச் சொன்னார்கள். மெல்பர்னில் எங்கள் கொல்லைப்புறத்து மரத்தில் ஒரு கிளையை வெட்டவே கவுன்சிலுக்குப் புகைப்படம், வரைபடம் எல்லாம் அனுப்பிக் காத்திருந்தவள் நான். எனவே அப்பா சொன்னது எதுவும் எனக்குப் புதிதாக இல்லை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மின்சாரத்தை நிறுத்தித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அப்பா மரம் வெட்ட ஏழுமலையைக் கூப்பிட்டார்.

தாரணி தன் பெல்ட், கயிறுகள், ஹெல்மெட் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சென்னை விமான நிலையத்தில் பையைத் திறந்த அதிகாரி அவளையும் கயிறுகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னிடம், "மேடம், இது எதுக்கு?" என்றார். நான் "சுற்றுச்சூழல்" என்றேன். பழக்கதோஷம்.

ஏழுமலைக்கு நாற்பது வயது இருக்கும். திருக்கழுக்குன்றம் பக்கம் உள்கிராமம். கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் மரம் கழிப்பதெல்லாம் அவர் குழுதான். வாய் நிறையப் பேச்சு. மரம் ஏறுகிறவன் அவர் மனைவியின் தம்பி தனா. கீழே கயிறு பிடிக்க மூன்று பேர். தாரணி பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "அங்கிள், நானும் உங்களோட வேலை செய்யலாமா?" என்று கேட்டபோது ஏழுமலை அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், சர்க்கஸ்லேர்ந்து கூட்டியாந்துட்டீங்களா?"

ஆனால் அவள் ஏறியதைப் பார்த்தபின் பேச்சு மாறியது. அவளுக்கு ஒரு நீளக் கயிறு. அதை மரத்தின் உச்சியில், கிளை இரண்டாகப் பிரியும் கவட்டையில் போட்டு, அதிலேயே தொங்கிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் நகர்வாள். இடுப்பில் இன்னொரு குட்டைக் கயிறு. மெஷின் ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன் அதையும் தான் நிற்கும் இடத்துத் தண்டைச் சுற்றிப் பூட்டியாக வேண்டும். அது அவர்கள் சட்டம்.

"இன்னா பாப்பா, எத்தினி முடிச்சு? மரத்துக்குத் தாலி கட்டறியா?" என்று கீழிருந்து கத்தினார் ஏழுமலை.

தனா வெறுங்காலில் ஏறினான். எதையும் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று தாரணி கேட்டாள்.

"கட்டிக்கினா மரம் சாஞ்சா மரத்தோட போவணும். கட்டலன்னா குதிச்சி ஓடிக்கலாம்" என்றான் தனா.

"இவ்ளோ உயரத்துல எங்க ஓடுவீங்க?"

"அத ஓடும்போது பாத்துக்குவேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அரை நாளில் ஒருவர் முடிச்சை இன்னொருவர் கற்றுக்கொண்டார்கள். பச்சைத் தூங்குமூஞ்சி எப்போது சொல்லாமல் முறியும் என்று அவன் காட்டினான். கொம்பு பிளந்து முகத்தில் அடிக்காமல் முதலில் அடியில் எப்படிக் கீற வேண்டும் என்று அவள் காட்டினாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "போதும், இறங்கு", "தண்ணி குடி", "ஏய், அங்க போகாத" என்று கத்திக்கொண்டிருந்தேன். யாரும் பொருட்படுத்தவில்லை.

4

பதினொரு மணிக்கு டீ வந்தது. தாரணி இறங்கினாள். அவளுடைய நீளக் கயிறு உச்சிக் கவட்டையிலேயே தொங்கியது.

வெட்டிய கிளையைச் சும்மா விழவிட முடியாது. அதை இறக்குவதற்கென்று ஏழுமலை குழுவிடம் தனியாக ஒரு நைலான் கயிறு. ஒரு முனையைக் கிளையில் கட்டி, கயிற்றை மேலே ஒரு கவட்டை வழியாகப் போட்டு, மறுமுனையைக் கீழே மூன்று பேர் பிடித்துக்கொண்டு மெதுவாக விடுவார்கள். காலையில் அந்தக் கயிறு கீழ்க்கிளை ஒன்றில் இருந்தது. கூரைமேல் தொங்கிய கொம்பு கடைசிக்கு. அடுத்து வெட்ட வேண்டிய கிளையும் பெரியது, உயரத்தில் இருப்பது. எனவே டீ நேரத்தில் ஏழுமலை சொல்ல, தனா மேலேறிக் கயிற்றை உச்சிக் கவட்டைக்கு மாற்றினான். அங்கே தாரணியின் கயிறு இருந்தது. அதன் மேலேயே போட்டான்.

அவன் பக்கத்தில் இதில் தவறே இல்லை. அவர்கள் யாரும் தங்களைக் கட்டிக்கொள்வதில்லை. அவர்களுக்குக் கவட்டை என்றால் கிளை இறக்கும் இடம். இவள் பக்கத்திலும் தவறில்லை. மெல்பர்னில் கிளை இறக்கும் கயிறு ஒரு இரும்புக் கப்பியில், வேறு இடத்தில் ஓடும். கவட்டையில் இன்னொரு கயிறு வந்து படுக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. தனியாக வேலை செய்திருந்தால் இரண்டு குழுவுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. சேர்ந்து செய்ததில்தான் வந்தது வினை.

தாரணி மறுபடி ஏறினாள். குட்டைக் கயிற்றைப் பூட்டினாள். ரம்பத்தை இழுத்தாள். கிளை அறுபட்டு அதன் பாரம் நைலான் கயிற்றில் இறங்கியது. கீழே மூன்று பேரும் தாங்க முடியாமல் கயிற்றை ஓடவிட்டார்கள். அந்தக் கயிறு உச்சியில், அசையாமல் நின்ற அவள் கயிற்றின் மேல் ஒரே இடத்தில் உரசிக்கொண்டு ஓடியது. உரசும் சூடு முழுவதும் அந்த ஒரே இடத்தில் இறங்கும். அவள் கயிறும் நைலான் போன்ற இழைதான், உருகும். வேதியியல் படித்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்து என்ன பயன்?

எனக்கு முதலில் வாடைதான் வந்தது. எதிர்வீட்டில் யாரோ பிளாஸ்டிக் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது இலைகளுக்கு நடுவில் மெல்லிய புகை. பிறகு "டப்" என்று ஒரு சத்தம். அவள் கயிறு பாம்பு விழுவதுபோல் மேலிருந்து விழுந்தது. அவள் இருந்த இடத்தில் அவள் இல்லை.

குட்டைக் கயிறு பிடித்துக்கொண்டது. ஒரு ஆள் உயரம் சறுக்கி, தோள் தண்டில் மோதி, அதில் தொங்கினாள். நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. கத்தியதாகச் சொல்கிறார்கள். மேலிருந்து அவள் குரல் வந்தது.

"அம்மா, ஐயம் ஓகே. ஐயம் ஓகேம்மா. தனா அண்ணா, என் பேக்ல இன்னொரு கயிறு இருக்காங்க."

கயிற்றுக்கும் மரியாதை. அவள் எங்களிடம் கற்ற ஒரே தமிழ் அந்த 'ங்க' போட்ட தமிழ்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தனா அந்தக் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு ஏறினான். அவள் இறங்கித் தரையில் கால் வைத்ததும் நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகுதான் கட்டிக்கொண்டேன்.

"கரண்ட் எப்ப வரும்?" என்று அப்பா உள்ளிருந்து கேட்டார்.

5

அன்று மாலை அவள் செய்த முதல் காரியம், உருகி அறுந்த கயிற்று நுனியைச் சிமெண்ட் தரையில் வைத்து ஃபோட்டோ எடுத்தது.

"யாருக்கு இது?"

"குரூப்புக்கும்மா."

"தாரணி, தோளைத் தூக்க முடியல உனக்கு. இப்ப இதை உலகத்துக்கே காட்டணுமா? உங்க முதலாளி பார்த்தா வேலைல வச்சுப்பாரா? நம்ம ஆளுங்க பார்த்தா என்ன சொல்வாங்க?"

"இதே மாதிரி வேற யாராவது கயிறு போட்டிருப்பாங்கம்மா. இன்னைக்கே போட்டிருப்பாங்க."

அனுப்பிவிட்டாள். இரவுக்குள் நான் பெயர்கூடக் கேட்டிராத ஊர்களிலிருந்து பதில்கள். யாரும் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டதோடு நிறுத்தவில்லை. கயிறு என்ன வகை, எவ்வளவு கனம், கீழிருந்து கவட்டை தெரிந்ததா என்று கேள்விகள். என் மகள் உயிரைப் பரீட்சை வினாத்தாள்போல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஃபோனைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் போலிருந்தது.

அப்பா ஃபோனில் சொல்லிவிட, ஏழுமலை மறுநாள் காலையிலேயே தனாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கோபம் வேறு மாதிரி.

"யக்கா, இன்னாக்கா இது? பாப்பா நெட்ல போட்டுகிச்சாமே. ரிசார்ட்டுக்காரன் பார்த்தான்னா என்ன ஏழுமலன்னு கூப்டுவானா, எமன்னு கூப்டுவானா? நாங்க வுழுந்த கதையே பேசமாட்டோம். காலைல அந்தப் பேச்ச எடுத்தாலே அன்னிக்கு மரம் ஏறமாட்டோம்."

"அதையேதான் நானும் சொல்றேன் ஏழுமலை" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் பக்கம் ஒரு ஆள் கிடைத்திருந்தார்.

தாரணி தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுவர் நிழலில் உட்கார்ந்தாள். "அங்கிள், உங்க பேரு போடல. நான் என்ன சொன்னேன்னு சொல்றேன், கேளுங்க" என்று தன் உடைந்த தமிழில் ஆரம்பித்தாள். "டீ குடிச்சு வந்து நான் மேல பார்க்கல. என் கயிறு மேல வேற கயிறு போட்டது நான் பார்க்கல. அது என் தப்பு. கீழ்க்கிளையிலேர்ந்து கயிறு எடுத்தாங்க. அதுவும் நான் கேட்கல. அது என் தப்பு. அப்புறம் ரம்பம்..."

"ஏய் ஏய், நிறுத்து பாப்பா" என்றார் ஏழுமலை. "நீ எப்டி பாப்பே? நீ டீ குடிச்சிக்கினு இருந்தே. கயித்த மாத்தச் சொன்னவன் நானு. நீ பாட்டுக்கு உன் தப்பு உன் தப்புன்னு சொல்லிக்கினு போற?"

"சரி அங்கிள். ஏன் மாத்தச் சொன்னீங்க?"

"கிளை பெரிசு. கீழ் கவட்டை தாங்காது. அது தெரியாதா உனுக்கு?"

"தனா அண்ணா என் கயிறு மேலயே போட்டாங்களே, ஏன்?"

தனா தலையைச் சொறிந்தான். "ரெண்டும் ஒரே எடத்துல இருந்தா பாக்க வசதின்னு நெனச்சேன்."

"கீழ நின்னவங்க பார்த்தாங்களா?"

"எல இவ்ளோ அடர்த்தி. எங்க தெரியும்? அவனுங்களும் கயித்தத்தான் பாத்துக்கினு இருந்தானுங்க, மேல எவன் பாத்தான்" என்றார் ஏழுமலை. மதியத்துக்குள் அவர் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும், கோபமாகவே, சொல்லி முடித்திருந்தார். அவள் சொல்வதில் தப்பு இருந்தால் அவரால் பொறுக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

மரம் வெட்டுகிறவர்களுக்கென்று அவர் ஃபோனில் ஒரு குழு இருந்தது. செங்கல்பட்டு, மதுராந்தகம், முட்டுக்காடு ஆட்கள் எல்லாம் அதில். கிரேன் வேண்டுமா, லாரி வேண்டுமா என்பதுதான் அதில் பேச்சு. ஏழுமலை சந்துக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோனை வாய்க்கருகில் வைத்துப் பேசினார். எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணாத்தைங்களா, ஏழுமல பேசறேன், நெம்மேலிலேர்ந்து. பேஜாராக்காம கேளுங்க. பெல்ட்டு கட்டிக்கினு ஏர்ற ஆளு எவனாவது உங்ககூட வேல செஞ்சான்னா, அவன் கயிறு எந்தக் கவட்டைல கீதோ அங்க உங்க கயித்தப் போடாதீங்க. கயித்த கயிறு அறுத்துடும். நானே பாத்தேன். நான்தான் போடச் சொன்னேன். அந்தப் பொண்ணு இன்னொரு கயித்துல தொங்கிக்கினு இருந்துச்சு, பொழச்சுது. இல்லன்னா இன்னிக்கு நான் உங்களுக்கு வாய்ஸ் போட்டுக்கினு இருக்கமாட்டேன், ஸ்டேஷன்ல குந்திக்கினு இருப்பேன். அவ்ளோதான். வச்சிடறேன்."

முதலில் யாரோ சிரிக்கும் பொம்மைப் படம் போட்டார்கள். ஏழுமலை என்னைப் பார்த்து, "பாத்தியா யக்கா, நான் சொல்லல?" என்றார். பிறகு மதுராந்தகத்திலிருந்து ஒரு குரல். "ண்ணா, எங்களுக்கும் ஒருவாட்டி அப்டிதாண்ணா அந்துச்சு. கயிறு போலின்னு கடக்காரனப் போய் அடிச்சிட்டு வந்தோம். இப்பதான் தெரியுது இன்னா ஆச்சுன்னு."

தாரணி கைதட்டப் போய், தோள் வலித்து, "ஆ" என்றாள்.

6

விரிசல் விட்ட கொம்பு இன்னும் எதிர்வீட்டுக் கூரைமேல்தான் இருந்தது. கரண்ட் ஆபீசில் மறுபடி சொல்லி, வெள்ளிக்கிழமை தேதி கிடைத்தது. தோள் ஓரளவு தணிந்திருந்தது. அவள் ஏறுவேன் என்றாள்.

நான் ஏழுமலையைத் தனியாகக் கூப்பிட்டேன். "நீங்களே முடிச்சிடுங்களேன். தனா ஏறட்டும். இவ வேண்டாம்."

ஏழுமலை பீடியைக் கீழே போட்டு மிதித்தார். சிரித்தபடிதான் சொன்னார். "உங்க பொண்ணு வுழக்கூடாது, எங்க மச்சான் வுழலாமா யக்கா? அவனுக்கும் வூட்ல ரெண்டு கொழந்த கீது."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

தாரணி ஒரு ஏற்பாடு சொன்னாள். அவள் கயிறு இடது கவட்டையில். இறக்கும் கயிறு வலது கொம்பில், தனியாக. ஒரு ஆள் கீழே எதையும் பிடிக்காமல், எதையும் தூக்காமல், இரண்டு கயிறுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆள் "நில்லு" என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. மறுபடி அந்த ஆளே "வெட்டு" என்று சொன்னால்தான் வேலை தொடங்கும்.

"சும்மா நிக்கற ஆளு எங்க கேங்குல ஒருத்தனும் கெடையாது" என்றார் ஏழுமலை. பிறகு அவர் பார்வை என்மேல் விழுந்தது. "ஏன், யக்காதான் மூணு நாளா சும்மா கத்திக்கினு கீறாங்களே. அவங்களே கத்தட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். தாரணி சிரிக்கவில்லை. பையிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் தலையில் வைத்து வாரை மாட்டினாள். "அம்மா, நீங்கதான்" என்றாள்.

கிளைகளைக் கழித்துப் பார்வைக்கு வழி செய்தார்கள். அவள் ஏறினாள். நான் கழுத்தை நிமிர்த்தி நின்றேன். முதல் வெட்டுக்கு ரம்பத்தை அவள் இழுக்கும் முன்பே "நில்லு!" என்றேன். கீழே மூன்று பேரும் நின்றார்கள். தனா நின்றான். அவள் ரம்பத்தை அணைத்தாள்.

"இன்னாக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்கக் கூடாது என்பது நினைவு வந்து ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. கயிறு ஆடுச்சு. வெட்டு."

இப்படியே போயிற்று. காற்றுக்கு நிறுத்தினேன். சந்தில் பால்காரர் வண்டி வந்தபோது நிறுத்தினேன். உச்சியிலிருந்து தாரணியே, "அம்மா, ஆடு வர்றாங்க" என்றாள், அதற்கும் நிறுத்தினேன். ஒருமுறை கயிற்றின்மேல் ஏதோ கறுப்பாக உட்கார்ந்தது.

"நில்லு!"

"யக்கா, அது காக்கா" என்றார் ஏழுமலை தாங்க முடியாமல். "அதுக்கு பெல்ட்டு வேணாம்."

ஆனால் ஒவ்வொரு முறையும் நின்றார்கள். அதுதான் எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு உயரத்தில், கையில் ரம்பத்தோடு, என் பெண் ஒவ்வொரு முறையும் என் சொல்லுக்கு நின்றாள். சலித்துக்கொள்ளவில்லை. "என்னம்மா" என்று இழுக்கவில்லை. ரம்பத்தை அணைத்துவிட்டுக் குனிந்து என்னைப் பார்ப்பாள், காத்திருப்பாள்.

கடைசியில் அந்தக் கொம்பு. அடியில் கீறிவிட்டு மேலிருந்து பாதி வெட்டியிருந்தாள். "நில்லு!" என்று என் குரல் கேட்டது. எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ரம்பம் அணைந்தது. கடல் சத்தம் கேட்டது. அவள் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அசையாமல் நின்றாள். இடது கவட்டையைப் பார்த்தேன். அவள் கயிறு மட்டும். வலது கொம்பைப் பார்த்தேன். இறக்கும் கயிறு மட்டும். நடுவில் வானம் தெரிந்தது. சந்து காலி. எதிர்வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் அம்மா பஸ் நிறுத்தத்துக்கே கூட்டிப்போய்விட்டாள். தனா தள்ளி நின்றான். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. நான் சொல்லாதவரை அவள் வெட்டமாட்டாள். சாயங்காலம் வரை என்றாலும் அப்படியே நிற்பாள். நான் சும்மா இருந்தால் போதும்.

ஏழுமலை பக்கத்தில் வந்து, முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "யக்கா, கொம்பு பாதி அறுத்தாச்சு. இனிமே காத்து வந்தா, அதுவே முடிவு பண்ணிக்கும். பாப்பா அதும் பக்கத்துல நிக்குது."

"வெட்டு" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மேலே அவள் காதில் கைவைத்துக் காட்டினாள்.

"வெட்டு தாரணி!"

ரம்பம் உறுமியது. நான் கண்ணை மூடவில்லை. பார்ப்பதுதான் என் வேலை.